சுழலும் தட்டும் சுருதியும்



ஓர் இசைத்தட்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுழல வேண்டும்? கேள்வி மிகச் சிறியது. ஆயினும் இதற்கு விடை கண்டு, கண்ட விடையைத் தவறாமல் நிலைநிறுத்திக் காட்ட மனித குலத்திற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் தேவைப்பட்டன. இதே கேள்வியின் முழுப் பொருளையும் உணர எனக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. முன்னது உலக வரலாறு. பின்னது ஓர் ஆசிரியனின் பிழை. இரண்டையும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

1987-ஆம் ஆண்டில் நான் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியனாக இருந்தேன். வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பிய பழைய மாணவர் ஒருவர், தம் இசைத்தட்டுப் பொறியைப் பள்ளிக்கு அன்பளிப்பாக அளித்திருந்தார். அது ஜப்பானில் செய்யப்பட்டது. 'டைரக்ட் டிரைவ்' என்னும் நேரியக்க வகையைச் சேர்ந்தது. ஆண்டு விழாவிற்காக அதில் ஒரு தட்டைச் சுழலவிட்டு, அதனோடு சேர்ந்து பாட மாணவியர் பயிற்சி பெற்றனர். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சுருதிப்பெட்டியை இயக்கினாள். முதல் நாள் பெட்டியும் தட்டும் ஐந்து கட்டையில் இழைந்து ஒலித்தன. மறுநாள் மாலை அவள் எழுந்து நின்று, "சார், தட்டு நேற்றைவிட இன்றைக்குக் கொஞ்சம் இறங்கிப் பாடுகிறது" என்றாள்.

நான் சிரித்தேன். தட்டில் ஒரு முறை பதிந்த குரல் நாளுக்கு நாள் மாறுமா? "பெட்டியை மாற்றி வைத்துக்கொள், பொறியைக் குறை சொல்லாதே" என்றேன். "மாற்ற முடியவில்லை சார், ஐந்துக்கும் சேரவில்லை, நாலரைக்கும் சேரவில்லை" என்றாள். "அப்படியானால் கோளாறு உன் காதில்தான்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி, பெட்டியை வேறொரு பெண்ணிடம் கொடுத்தேன். அவளைப் பாடுவோர் வரிசையிலிருந்தும் நீக்கினேன். அன்றே அதை நான் மறந்துவிட்டேன்.

அந்தப் பெண் சொன்னது என்ன என்பதை விளங்கிக்கொள்ள, இசைத்தட்டின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

1877-இல் தாமஸ் எடிசன் தம் போனோகிராப் பொறியை அமைத்தார். உருளை ஒன்றின்மேல் சுற்றிய வெள்ளீயத் தகட்டில் ஓர் ஊசி ஒலியைக் கீறிற்று. அவ்வுருளையைக் கையால் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் குரல் கீச்சிடும். மெல்லச் சுற்றினால் அடித்தொண்டையில் இழுக்கும். இதில் மறைந்துள்ள உண்மையை நன்கு மனத்தில் இருத்துங்கள். வேகம் மாறினால் பாட்டின் கதி மட்டுமன்றிச் சுருதியும் மாறுகிறது. நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறும்; மூன்று பங்கு குறைந்தால் அதில் பாதி இறங்கும்.

1887-இல் எமில் பெர்லினர் உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டத்தைப் பயன்படுத்தினார். அதுவே கிராமபோன். 1896-இல் அமெரிக்காவின் கேம்டன் நகரில் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் என்னும் பொறிவல்லார் அதற்குச் சுருள்வில் மோட்டார் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். அதில் வேகங்காக்கும் குண்டுகள் இருந்தன. வேகம் மிகுந்தால் அவை விலகி உராய்வை மிகுதியாக்கும். குறைந்தால் நெருங்கி உராய்வைத் தளர்த்தும். நீராவி எஞ்சினுக்கு ஜேம்ஸ் வாட் அமைத்த ஆளுகைக் குண்டுகளின் தத்துவமே இது.

1902-இல் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அக்காலத்துத் தட்டுகளுக்கு ஒரே வேகம் என்று வரையறை கிடையாது. நிமிடத்திற்கு எழுபது சுற்றில் பதிந்தவையும் உண்டு. எண்பதில் பதிந்தவையும் உண்டு. ஆதலால் ஒரு பழம்பாடகர் எந்தக் கட்டையில் பாடினார் என்பதைத் தட்டை மட்டும் கேட்டுத் துணிந்து சொல்ல இயலாது. சுருதி, வேகத்தின் கையில் இருக்கிறது.

பிற்பாடு 78 என்னும் எண் நிலைபெற்றது. மின் மோட்டார்கள் வந்ததும் அந்த 78 கூடச் சரியாக 78 ஆக இருக்கவில்லை. அமெரிக்காவில் மின்னோட்டத்தின் அதிர்வெண் வினாடிக்கு 60. அங்கு நிமிடத்திற்கு 3600 முறை சுழலும் மோட்டாரின் வேகத்தை 46-ஆல் வகுத்தால் கிடைப்பது 78.26 சுற்று. அதிர்வெண் 50 ஆக உள்ள நாடுகளிலோ, வேகத்தைச் சரிபார்க்க 77 கோடுகள் கொண்ட வட்டத்தைப் பயன்படுத்தினர். அதனால் அங்கு வேகம் 77.92 ஆயிற்று. ஒரு நாட்டின் மின்நிலையம் பாட்டின் சுருதியைத் தொட்டுவிட்டது என்பது வியப்பல்லவா?

33⅓ என்னும் எண் திரைப்படத்தின் கொடை. 1926-இல் வைட்டாபோன் முறையில் படங்களுக்கு ஒலி சேர்த்தபோது, ஆயிரம் அடி நீளமுள்ள ஒரு படச்சுருள் ஓடும் 11 நிமிடங்களுக்கும் ஒரே தட்டு ஒலித்தல் வேண்டும் என்று கருதினர். அதற்காகத் தட்டை 16 அங்குலமாக்கி, வேகத்தை 33⅓ ஆகக் குறைத்தனர். 1948-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட நெடுந்தட்டு அவ்வேகத்தையே ஏற்றது. அதன் ஒரு பக்கம் 22 நிமிடம் ஒலிக்கிறது என்று கொள்ளுங்கள். முள் அதற்குள் 733 சுற்றுக்கள் சுற்றி, ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தூரம் பயணம் செய்துவிடும். அப்பயணம் முழுவதிலும் வேகம் குன்றவும் கூடாது, மிகவும் கூடாது.

இதைச் சாதிக்க இரு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று இடைச்சக்கர முறை. விரைந்து சுழலும் மோட்டாரின் அச்சுக்கும் தட்டைத் தாங்கும் சுழல்மேடையின் உள்விளிம்புக்கும் இடையே ரப்பர் விளிம்புடைய சக்கரம் ஒன்று நின்று வேகத்தைக் கடத்தும். இம்முறையில் விசை மிகுதி. ஆனால் இரைச்சலும் மிகுதி. மோட்டார் நிமிடத்திற்கு 1500 முறை சுழன்றால் வினாடிக்கு 25 முறை அதிர்கிறது. அது செவிக்கு எட்டும் அதிர்வாதலால் பாட்டோடு சேர்ந்து உறுமும். மற்றொன்று பெல்ட் முறை. ரப்பர் வார் அதிர்வை விழுங்கிவிடும். ஆனால் வார் நாளடைவில் இளகி நீண்டுவிடும். மேடை வேகம் பெறவும் நேரமாகும்.

இவ்விடத்தில் கதை ஜப்பானுக்குச் செல்கிறது. 1918-இல் ஒசாகா நகரில் கோனோசுகே மாட்சுஷிடா என்னும் இளைஞர் மின்விளக்குக்கான செருகிகளைச் செய்யும் சிறுதொழிலைத் தொடங்கினார். அது வளர்ந்து பெரும் நிறுவனமாகி, 2008-இல் பானசோனிக் என்னும் பெயரைப் பூண்டது. அந்நிறுவனத்தின் பொறியியலாளரான ஷூயிச்சி ஒபாடா, சக்கரமும் வேண்டா, வாரும் வேண்டா என்று துணிந்தார். மோட்டாரின் அச்சையே சுழல்மேடையின் அச்சாக்கினால் என்ன என்பது அவர் கேள்வி.

கேட்பது எளிது. ஆனால் அதுவரை இருந்த மோட்டார்களெல்லாம் விரைந்து ஓடுபவை. இதற்கு வேண்டுவதோ நிமிடத்திற்கு 33⅓ முறை மட்டுமே சுழலும் மோட்டார். மெல்லச் சுழலும் மோட்டார் சீராகச் சுழல்வது கடினம். விட்டு விட்டு இழுக்கும். அவர் குழுவினர் அதை வென்று, டெக்னிக்ஸ் என்னும் வணிகப் பெயரில் எஸ்பி-10 என்ற பொறியை உருவாக்கினர். 1970-இல் அது விற்பனைக்கு வந்தது. உலகின் முதல் நேரியக்கச் சுழல்மேடை அதுவே. மோட்டாரின் சுழற்சி வினாடிக்கு ஒன்றுக்கும் குறைவாதலால், பழைய உறுமல் செவிக்கு எட்டாத எல்லைக்குக் கீழே போயிற்று. தொட்டவுடன் வேகம் பெறுவதால் வானொலி நிலையங்கள் இதனை விரும்பி ஏற்றன.

வேகத்தைக் காப்பது எவ்வாறு? மேடை சுழலும்போது மோட்டாருக்குள் இருக்கும் சிறு சுருளில் மின்துடிப்புகள் தோன்றுகின்றன. வேகம் கூடினால் துடிப்பு கூடும்; குறைந்தால் குறையும். மின்சுற்று அத்துடிப்பை, இருக்க வேண்டிய அளவோடு இடைவிடாது ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேறுபாடு தோன்றினால் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது. அதாவது, பொறி தன் பிழையைத் தானே அளந்து தானே திருத்திக்கொள்கிறது.

இதனால் மற்றுமொரு நன்மையும் விளைந்தது. ஜப்பான் நாட்டில் கிழக்குப் பகுதிக்கு மின்னோட்ட அதிர்வெண் 50. மேற்குப் பகுதிக்கு 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மானிய மின்னாக்கிகளையும், ஒசாகா அமெரிக்க மின்னாக்கிகளையும் வாங்கியதன் விளைவு அது. இன்றும் அவ்வேறுபாடு நீடிக்கிறது. அதிர்வெண்ணை நம்பிச் சுழலும் பழைய மோட்டார் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சென்றால் வேகம் மாறிவிடும். நேரியக்கப் பொறிக்கு அத்தொல்லை இல்லை. 1975-இல் வந்த எஸ்பி-10 இரண்டாம் வகையில், ஒப்பிடும் அளவுகோலாகக் குவார்ட்ஸ் படிகத்தின் மாறாத அதிர்வையே அமைத்தனர். தொடக்கத்தில் நான் எழுப்பிய கேள்விக்கு அப்போதுதான் உறுதியான விடை கிடைத்தது எனலாம்.

1972-இல் அதே நிறுவனம் இல்லங்களுக்கென எஸ்எல்-1200 என்ற பொறியை வெளியிட்டது. ஆனால் அதற்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர்கள் வேறு சிலர். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த விருந்தொன்றில், கூல் ஹெர்க் என்னும் இளைஞர் இரண்டு சுழல்மேடைகளை வைத்துத் தாளப் பகுதிகளை நீட்டி ஒலிக்கச் செய்தார். ஹிப் ஹாப் என்னும் இசைவகையின் பிறந்தநாளாக அந்நாள் கொள்ளப்படுகிறது. அவர் வழிவந்தோர் தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினர். முன்னும் பின்னும் உருட்டினர். கையை எடுத்தவுடன் தட்டு தன் வேகத்தை மீண்டும் பெற வேண்டும். வாரால் இயங்கும் பொறி அதற்குத் திணறும். நேரியக்கப் பொறி திணறாது. 1979-இல் வந்த அதன் இரண்டாம் வகை உலகெங்கும் அக்கலைஞர்களின் கருவியாயிற்று. 1982-இல் குறுந்தகடு தோன்றிய பின்னர் இசைத்தட்டு மங்கியது. 2010-இல் இப்பொறியின் உற்பத்தி நின்றது. 2016-இல் மீண்டும் தொடங்கிற்று. 2022-இல் அமெரிக்காவில் 4 கோடியே 10 லட்சம் இசைத்தட்டுகள் விற்றன. குறுந்தகடுகளோ 3 கோடியே 30 லட்சம் மட்டுமே.

இனி என் கதைக்குத் திரும்புகிறேன்.

பள்ளியிலிருந்த பொறி சில ஆண்டுகளில் பழுதடைந்தது. கழிவுப் பொருள்களோடு ஏலத்திற்கு வந்தபோது, பழகிய பாசத்தால் அதையும், கூட இருந்த தட்டையும், பழைய சுருதிப்பெட்டியையும் நானே எடுத்தேன். அவை என் வீட்டுப் பரணில் உறங்கின. 2018-இல் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். 2020-இல் ஊரடங்கு வந்தது. வீட்டில் அடைபட்டிருந்த அந்நாட்களில் பொறியைப் பரணிலிருந்து இறக்கினேன்.

துடைத்து மின்சாரம் கொடுத்ததும் மேடை சுழன்றது. அதன் விளிம்பில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் உண்டு. அருகில் ஒரு சிறு நியான் விளக்கு எரியும். மின்னோட்டம் வினாடிக்கு 50 முறை அலைவதால் அவ்விளக்கு வினாடிக்கு 100 முறை மின்னும். நிமிடத்திற்கு 6000 முறை. 6000-ஐ 33⅓-ஆல் வகுத்தால் 180. ஆகவே விளிம்பைச் சுற்றி 180 புள்ளிகள் இருந்து, வேகமும் சரியாக இருந்தால், ஒவ்வொரு மின்னலிலும் ஒரு புள்ளி இருந்த இடத்திற்கு அடுத்த புள்ளி வந்து நிற்கும். கண்ணுக்குப் புள்ளிகள் அசையாமல் நிற்பனபோல் தோன்றும். வேகம் குறைந்தால் அவை பின்னோக்கி நகரும். வினாடிக்கு ஒரு புள்ளி பின்னே சென்றால் நூற்றுக்கு ஒரு பங்கு வேகம் குறைவு என்று பொருள்.

நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். வினாடிக்கு மூன்று புள்ளிகள் பின்னே சென்றன. நூற்றுக்கு மூன்று பங்கு. நிமிடத்திற்கு ஒரு சுற்று குறைவு. சுருதியில் அது ஐந்து கட்டைக்கும் நாலரைக் கட்டைக்கும் நட்டநடுவான இடம். சுருதிப்பெட்டியில் அந்த இடத்திற்கு நாக்கே கிடையாது.

"ஐந்துக்கும் சேரவில்லை, நாலரைக்கும் சேரவில்லை." அந்தக் குரல் அப்போது என் காதில் விழுந்தது.

எங்கள் ஊரில் வானொலி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரின் துணையோடு பொறியைத் திறந்தேன். செருகியைப் பிடுங்கிய பின்பும் கன்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும் என்று அவர் முதலில் எச்சரித்தார். நீங்களும் அதை மறவாதீர்கள், தனியே திறந்து பார்க்கவும் முயலாதீர்கள். மூன்று குறைகள் தென்பட்டன. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் உட்பரப்பில் அழுக்குப் படிந்து தொடர்பு நிலையற்றிருந்தது. கன்டென்சர்கள் சில உலர்ந்து தம் அளவை இழந்திருந்தன. ஓர் ஈயப்பற்றில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தது; பொறி சூடேறச் சூடேற அவ்வெடிப்பு விரியும். எங்கள் பொறி குவார்ட்ஸ் படிகம் வருவதற்கு முந்திய வகை. தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் பொறிதான். ஆனால் எந்த அளவோடு ஒப்பிடுகிறதோ அந்த அளவே தளர்ந்துபோனால், பொறி தவற்றையே சரியென்று நம்பிக் காத்துக்கொண்டிருக்கும். திருகைத் துடைத்து, கன்டென்சர்களை மாற்றி, புதிதாக ஈயம் பற்றவைத்து, அச்சுக்குழியில் சில துளி எண்ணெய் விட்டோம். புள்ளிகள் அசையாது நின்றன.

பழைய தட்டை வைத்தேன். சுருதிப்பெட்டியை ஐந்து கட்டையில் ஊதச் செய்தேன். இரண்டும் இழைந்தன.

ஆயினும் 2020-இல் இருந்த பழுது 1987-இலும் இருந்தது என்று எவ்வாறு சொல்வது? வரலாறு பயில்வோர் இக்கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். நல்வாய்ப்பாக ஒரு சான்று எஞ்சியிருந்தது. அன்றைய ஒத்திகையை ஒலிநாடாவில் பதிந்திருந்தோம். அந்த நாடா என் பழைய தாள்களுக்கிடையே கிடைத்தது. நாடாவின் வேகத்தையும் நம்ப முடியாதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதில் சுருதிப்பெட்டியும் தட்டும் ஒருங்கே ஒலிக்கின்றன. நாடா எவ்வேகத்தில் ஓடினாலும் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அவற்றின் விகிதம் மாறாது. என் பேத்தி தன் கைப்பேசியில் அதிர்வெண்ணை அளந்து காட்டினாள். பெட்டியின் ஒலி 100 என்றால் தட்டின் ஒலி 97.

அந்தப் பெண்ணின் காதில் குறை இல்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று புள்ளிகள் எனக்கு மூன்றடி தொலைவில் இருந்தன. இயற்பியல் கற்பித்தவன் நான். அவற்றின் பொருள் எனக்குத் தெரியும். குனிந்து பார்க்கவில்லை. ஆனால் பார்த்திருந்தால் மட்டும் உண்மை விளங்கியிருக்குமா என்றும் எண்ணிப் பார்க்கிறேன். அக்காலத்தில் மின்பற்றாக்குறை மிகுந்த மாலைகளில் மின்னோட்ட அதிர்வெண் 50-க்குக் கீழே இறங்கிவிடும். அது 48.5 வரை இறங்குவதைச் சட்டமே அனுமதித்தது. 48.5-இல் நியான் விளக்கும் நூற்றுக்கு மூன்று பங்கு மெல்ல மின்னும். மெல்லச் சுழலும் மேடையின் புள்ளிகள் மெல்ல மின்னும் விளக்கின் கீழே அசையாது நிற்பனபோல் தோன்றியிருக்கும். என் கருவியும் எனக்குப் பொய் சொல்லியிருக்கும். அந்த அறையில் மின்சாரத்தை நம்பாமல் உண்மை பேசியவை இரண்டே: கையால் காற்றூதும் சுருதிப்பெட்டி, அதைக் கேட்ட ஒரு சிறுமியின் செவி. அவ்விரண்டையும் நான் விசாரிக்கவில்லை.

அவள் முகவரியைத் தேடிப் பெற்று ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததையும், அளந்து கண்டதையும் எழுதி, மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். நான்கு வாரம் கழித்து விடை வந்தது. ஆண்டு விழாவை அவள் மறக்கவில்லை. தன் காதில் குறை உண்டு என்று அன்று முதல் நம்பிவிட்டதாகவும், அதன்பின் யார் முன்னிலையிலும் பாடியதில்லை என்றும் எழுதியிருந்தாள். கோபமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. கடிதத்தின் இறுதியில், அந்த நாடாவின் படி ஒன்று கிடைக்குமா என்று மட்டும் கேட்டிருந்தாள். அனுப்பி வைத்தேன்.

முப்பத்தாறு ஆண்டு ஆசிரியப் பணியில் நான் பலமுறை பாராட்டப் பெற்றேன். அப்பாராட்டுக்களை எல்லாம் அந்தக் கடிதத்தின் அருகில் வைத்துப் பார்க்கிறேன். பொறியின் பழுதை மூன்று நாளில் திருத்த முடிந்தது. மற்றதைத் திருத்தும் கருவி என்னிடம் இல்லை.

மாணவர்களே, உங்களில் ஆசிரியராகப் போகிறவர்கள் இருப்பீர்கள். நீதிபதியாகவும் மருத்துவராகவும் போகிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் முன் எளியவர் ஒருவர் எழுந்து நின்று, நீங்கள் நம்பும் பொருளில் பிழை இருப்பதாகச் சொல்லும் நாள் வரும். அன்று தீர்ப்புச் சொல்லுமுன் குனிந்து பாருங்கள். அளவுகோல் கையிலிருந்தால் அளந்து பாருங்கள். அந்த அளவுகோலையும் மற்றொன்றால் அளந்து பாருங்கள்.

இன்று மாலையே செய்து பார்க்கக்கூடிய சிறு சோதனை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஓர் அட்டையில் வட்டம் வரைந்து, இரண்டு பாகைக்கு ஒரு கோடாக 180 கோடுகள் இடுங்கள். யார் வீட்டிலேனும் பழைய இசைத்தட்டுப் பொறி இருந்தால், அதன்மேல் வைத்து 33⅓ வேகத்தில் சுழலவிட்டு, சோக் பொருத்திய பழைய குழல்விளக்கின் ஒளியில் பாருங்கள். கோடுகள் நின்றால் வேகம் சரி. நகர்ந்தால் எண்ணுங்கள். அருகில் பாடத் தெரிந்த சிறுமி யாரேனும் இருந்தால், அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.